சிவப்பு நூல் கட்டிய புட்டி

அக்டோபர் 7, திங்கள்

ஏற்காட்டிலிருந்து மோரிஸ் மைனர் வந்து சேர்ந்தது. 1955ஆம் வருடத்து வண்டி, காப்பித் தோட்டம் வைத்திருக்கும் பெலிக்ஸ் சாருடையது. அவருடைய டிரைவர் பொன்னுரங்கம் இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் தானே இறக்கிக் கொண்டுவந்தான். பிரேக் மிதித்தால் பெடல் தரை வரை போகிறதாம். குழியில் இறங்கினால் வண்டி தொட்டில் மாதிரி ஆடுகிறதாம். கியர் மாற்றும்போது பல்லை நறநறவென்று கடிக்கிறதாம். இந்தப் பிரேக்கை வைத்துக்கொண்டு மலை இறங்கினாயா என்று அதட்டினேன். "முழுக்க ஃபர்ஸ்ட் கியர்லயே வந்தேனுங்ணா. எறக்கத்துல கியரை விட்டா உசுரை விட்ட மாதிரி" என்றான். இந்தக் காலத்தில் இவ்வளவு புத்தியுள்ள டிரைவர் கிடைப்பது அபூர்வம். பெலிக்ஸ் சாரிடம் போனில் இதையும் சொன்னேன்.

கியர்பாக்ஸைத் திறந்ததும் விஷயம் தெரிந்துவிட்டது. யாரோ ஒரு மேதாவி புது வண்டிக்கு ஊற்றும் விலை உயர்ந்த எண்ணெயை ஊற்றி வைத்திருக்கிறான். அதில் கலந்திருக்கும் மருந்து புதுக் காருக்கு நல்லது. பழைய வண்டியின் உள்ளே இருக்கும் பித்தளை வளையங்களை மெல்ல மெல்லத் தின்றுவிடும். விலை அதிகமென்றால் உசத்தி என்று நினைக்கிற கூட்டத்துக்கு எத்தனை தடவை சொன்னாலும் ஏறாது. பழைய வண்டி வயசான மனுஷன் மாதிரி. அதன் எஞ்சினுக்குக் கெட்டி எண்ணெய், கார்புரேட்டருக்கு ஒரு கரண்டி மெல்லிய எண்ணெய், முன் சக்கர அச்சுக்கு மாதம் தவறாமல் ஒரு தடவை. பிரேக்குக்குள்ளே இருப்பது ரப்பர், அதற்குப் பிரேக் ஆயில் தவிர வேறு எதுவும் ஆகாது. மற்ற எண்ணெய் பட்டால் ரப்பர் ஊறி உப்பிவிடும், அப்புறம் பிரேக் பிடித்தால் விடாது, விட்டால் பிடிக்காது.

ஆயில் ஸ்டோர்காரர் பொங்கலுக்குக் கொடுத்த இந்த டைரியில் ஒவ்வொரு வண்டிக்கும் என்ன ஊற்றினேன் என்று எழுதி வைப்பது அதற்காகத்தான். சேலத்தில் வேறு எந்தப் பட்டறையிலும் இந்த ஒழுங்கு கிடையாது.

அக்டோபர் 10, வியாழன்

கடுமையான ஜலதோஷம். கமலவேணி சுக்குக் கஷாயம் வைத்துக் கொடுத்தாள். அது காப்பியா கஷாயமா என்றே தெரியாமல் குடித்தேன். சாம்பாருக்கும் ரசத்துக்கும் வித்தியாசம் தெரியவில்லை என்றேன். இருபத்தாறு வருஷமாக அப்படித்தானே சாப்பிடுகிறீர்கள் என்கிறாள்.

நாளை ஆயுத பூஜை. பட்டறை முழுவதும் கழுவியாயிற்று. ஸ்பானர் எல்லாம் மண்ணெண்ணெயில் முக்கித் துடைத்தோம். பெயின்டர் ரவூப் பாய் அவருடைய ஸ்ப்ரே கன்னைப் பிரித்துத் துடைத்துப் பூஜைக்கென்று தனியே எடுத்து வைத்தார். பதினெட்டு வருஷமாக ஒவ்வோர் ஆண்டும் அவருடைய சாமானுக்குத்தான் முதல் சந்தனம்.

அக்டோபர் 11, வெள்ளி

பூஜை நன்றாக நடந்தது. சாம்பிராணிப் புகையில் பட்டறையே தெரியவில்லை. எனக்கு மட்டும் வாசனையே தெரியவில்லை.

எண்ணெய்ப் புட்டிகளையும் வெளிப்புறம் துடைத்து வரிசையாகத் தரையில் வைத்திருந்தோம். பெரிய கேனில் வாங்குகிற எண்ணெயை இந்தப் புட்டிகளில் ஊற்றித்தான் புழங்குவது. எல்லாம் ரவூப் பாய் வீட்டில் நோன்புக்கு வாங்கிய சர்பத் புட்டிகள், ஒரே அச்சு. மூடி இறுக்கமாக இருக்கும் என்பதால் நான்தான் கேட்டு வாங்கி வைத்தேன். அடையாளத்துக்குக் கழுத்தில் நூல் கட்டுவது என் ஏற்பாடு. பிரேக் ஆயிலுக்குச் சிவப்பு, வண்டியின் ஆட்டத்தை அடக்கும் ஷாக் அப்சார்பருக்குள் நிரப்புகிற ஆயிலுக்குப் பச்சை. இரண்டும் பார்வைக்கு ஒரே வெளிர் மஞ்சள். பழைய நூல்கள் பிசுக்கேறிக் கறுத்துவிட்டதால் பட்டறைப் பையன்கள் நேற்றே எல்லாவற்றையும் அறுத்துப் போட்டிருந்தார்கள். கமலவேணி தையல் பெட்டியிலிருந்து புது நூல் கொண்டுவந்தாள்.

ரவூப் பாய் ஒரு தம்ளர் தண்ணீர் கொண்டுவந்து, ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டு விட்டுப் பார்த்துவிட்டுக் கட்டலாம் என்றார். பிரேக் ஆயில் தண்ணீரில் கரைந்துவிடும், மற்றது மிதக்கும். முப்பத்தொரு வருஷ மூக்குக்குத் தண்ணீர்ப் பரீட்சையா என்று கேட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். மூடியைத் திறந்து மோந்து பார்த்து நானே கட்டினேன்.

அக்டோபர் 14, திங்கள்

மோரிஸ் மைனர் வேலை முடிந்தது. பிரேக்குக்கு நாலு சக்கரத்திலும் சக்கரத்தைக் கவ்விப் பிடிக்கிற புது ஷூ, புது ரப்பர். இந்த வண்டியில் பிரேக் ஆயில் ஊற்றுகிற இடம் டிரைவர் காலடியில், கார்ப்பெட்டுக்குக் கீழே இருக்கிறது. தெரியாதவன் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு நாள் முழுக்கத் தேடுவான். பழைய எண்ணெயை முழுவதும் வடித்துவிட்டுப் புதிதாக நிரப்பி, பைப்பில் இருந்த காற்றை முழுக்க வெளியேற்றினேன். பெடல் கல் மாதிரி நிற்கிறது. ரப்பரைப் பூட்டும்போது கையில் எண்ணெய் கொஞ்சம் கூடுதலாக வழுக்குவதாகப் பட்டது. ஜலதோஷத்தில் சோர்ந்த உடம்பு, விரலுக்குப் பிடி இல்லை.

மோரிஸ் மைனர், 1955.
எஞ்சின்: கெட்டி எண்ணெய், மூன்றரை லிட்டர்.
கியர்பாக்ஸ்: பித்தளைக்கு ஒத்துப்போகிற பழைய வகை.
முன் அச்சு: எண்ணெய் அடித்தது.
ஷாக் அப்சார்பர் நாலும்: ஷாக் அப்சார்பர் ஆயில்.
பிரேக்: பிரேக் ஆயில், புதியது.
ஊற்றியது: ஏகாம்பரம்.

பிரேக் ஆயில் மிச்சம் அரைப் புட்டி இருந்தது. கல்லூரி வாத்தியார் சபேசன் தன் ஃபியட்டோடு வந்தார். அளவு குறைந்திருந்தது, அதிலிருந்தே கொஞ்சம் ஊற்றி அனுப்பினேன்.

அக்டோபர் 16, புதன்

காலையில் வந்து பார்த்தால் மோரிஸின் முன் பக்கம், பானெட்டுக்கு உள்ளே, ஷாக் அப்சார்பர் இருக்கும் இடத்தில் பெயின்ட் கொப்பளித்து உரிந்திருக்கிறது. உள்ளங்கை அகலம் இருக்கும். ரவூப் பாய் போன வாரம் அடித்த பெயின்ட். எண்ணெய் நிரப்பும்போது அங்கே கொஞ்சம் சிந்தியது உண்மைதான். எண்ணெய் சிந்தினால் பெயின்ட் உரியுமா? அடியில் சரியாகத் தேய்க்காமல் அடித்தால்தான் உரியும். எல்லோர் எதிரிலும் சொல்லிவிட்டேன். பாய் உரிந்த இடத்தை விரலால் தொட்டுப் பார்த்தபடி வெகுநேரம் நின்றார். பிறகு தேய்த்து மறுபடி அடித்துக் கொடுத்தார்.

அக்டோபர் 18, வெள்ளி

வண்டியைக் கொடுத்தாயிற்று. பொன்னுரங்கத்தைப் பக்கத்தில் உட்காரவைத்து அடிவாரம் வரை ஓட்டிக் காட்டினேன். தொட்ட இடத்தில் நின்றது. பெலிக்ஸ் சார் போனில் நன்றி சொன்னார். அறுபத்தெட்டு வயதில் அவருக்கு இருக்கும் ஒரே பைத்தியம் இந்த வண்டிதானாம். ஒரு டப்பா காப்பிக் கொட்டை கொடுத்தனுப்பியிருந்தார். கமலவேணி வாசனை பிரமாதம் என்கிறாள்.

அக்டோபர் 22, செவ்வாய்

பொன்னுரங்கம் போன் செய்தான். "பெடல் நல்லாத்தான் இருக்குதுங்ணா. ஆனா காலை எடுத்தாலும் புடிச்சாப்பலயே இருக்குது. முன்னாடி சக்கரம் ரெண்டும் தொட முடியல, அவ்ளோ சூடு. ஒரு தீஞ்ச வாசம் வேற."

புது ஷூ அப்படித்தான் கடிக்கும், நூறு கிலோமீட்டர் ஓடினால் சரியாகிவிடும் என்றேன். அவனுக்குத் திருப்தி இல்லை. ஒருதரம் வந்து பார்க்க முடியுமா என்றான். இரண்டு அம்பாசிடர் எஞ்சின் பிரித்துப் போட்டுக் கிடக்கிறது, நான் மலை ஏறி வந்து சக்கரத்தைத் தொட்டுப் பார்க்கவேண்டுமாம். கெட்டிக்கார டிரைவர்களிடம் இதுதான் தொல்லை. எல்லாமே கோளாறாகத் தெரியும்.

அக்டோபர் 24, வியாழன்

பெலிக்ஸ் சாரே போன் செய்தார். வண்டியை அனுப்பட்டுமா என்று கேட்டார். தீபாவளி கழிந்து அனுப்புங்கள், அதுவரை தாராளமாக ஓட்டலாம் என்றேன். நீங்கள் சொன்னால் சரி என்று வைத்துவிட்டார்.

அக்டோபர் 26, சனி

பெலிக்ஸ் சார் இறந்துவிட்டார்.

காலை பதினொரு மணிக்கு மலையிலிருந்து இறங்கும்போது நடந்திருக்கிறது. கண் டாக்டரைப் பார்க்க வந்துகொண்டிருந்தாராம். பிரேக் இல்லாமல் வண்டி வளைவில் திரும்பாமல் கட்டைச் சுவரை இடித்துக்கொண்டு கீழ் ரோட்டில் விழுந்திருக்கிறது. ஓட்டிய பொன்னுரங்கத்துக்கு இடது கால் இரண்டு இடத்தில் முறிவு. பெரியாஸ்பத்திரியில் கிடக்கிறான். டீக்கடையில் யாரோ சொல்லி ரவூப் பாய் வந்து சொன்னார். நான் அப்போது அம்பாசிடர் எஞ்சினுக்கு எண்ணெய் அளந்துகொண்டிருந்தேன். எத்தனை லிட்டர் ஊற்றினேன் என்பது மறந்துபோய் முழுவதையும் வடித்து மறுபடி அளந்தேன்.

நல்ல மனுஷர். வண்டியைத் துடைக்கும் துணியைக்கூடத் துவைத்து மடித்து வைத்திருப்பார். மனசு ஆறவில்லை.

மலைப் பாதை, எத்தனையோ காரணம் இருக்கும்.

அக்டோபர் 28, திங்கள்

மோட்டார் வாகன ஆய்வாளர் கூப்பிட்டு அனுப்பினார். போலீஸ் ஸ்டேஷனுக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் வண்டியைப் போட்டிருக்கிறார்கள். முன்பக்கம் இல்லை. சின்ன வயது ஆய்வாளர், மரியாதையாகப் பேசினார். இந்த மாதிரி வண்டியை இப்போதுதான் முதல் தடவை பார்க்கிறேன், நீங்கள்தான் சொல்லவேண்டும் என்றார். விழுந்ததில் பிரேக் பைப் அறுந்திருந்தது, மிதித்துப் பார்த்து எதுவும் சொல்வதற்கில்லை. எண்ணெயாவது இருந்ததா என்று கேட்டார். பானெட் பக்கம் தேடிக்கொண்டிருந்தவரைக் கூப்பிட்டு, கார்ப்பெட்டை விலக்கி, தரையில் இருக்கும் மூடியைக் கழற்றினேன். விரலை விட்டுப் பார்த்தேன். அடியில் கொஞ்சம் தங்கியிருந்தது.

ஜலதோஷம் சுத்தமாகப் போய்விட்டது. மூக்கு நன்றாக வேலை செய்கிறது.

"இருக்குதா?" என்றார்.

"இருக்குது சார்."

"சரியான எண்ணெய்தானே?"

"சரியான எண்ணெய்தான் சார்."

அப்படியானால் டிரைவரின் தப்புத்தான் என்று எழுத ஆரம்பித்தார். பிரேக் பிடிக்கவே இல்லை என்று அவன் சொல்கிறானே, அது எப்படி என்று நிமிர்ந்து கேட்டார். பெட்ரோல் மிச்சம் பிடிக்க இறக்கத்தில் நியூட்ரலில் விடுகிற பழக்கம் டிரைவர்களுக்கு உண்டு, அப்படி விட்டால் பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போகும் என்றேன். பொதுவாகத்தான் சொன்னேன். எந்த டிரைவர் என்று நான் சொல்லவில்லை. அவர் எழுதிக்கொண்டார். கீழே என் கையெழுத்தையும் வாங்கிக்கொண்டார்.

விரலைப் பேன்ட்டில் துடைத்திருக்கிறேன். கமலவேணி சோப்புப் போட்டும் கறை போகவில்லை என்றாள்.

அக்டோபர் 29, செவ்வாய்

சபேசன் வாத்தியாருக்குப் போன் செய்து ஃபியட்டை உடனே கொண்டுவரச் சொன்னேன். தீபாவளிக்குப் பிரேக் ரப்பர் இலவசமாக மாற்றித் தருவதாகச் சொன்னேன். இத்தனை வருஷத்தில் இல்லாத சலுகை என்று அவருக்கு ஆச்சரியம். ஓட்டிவர வேண்டாம், கட்டி இழுத்து வாருங்கள் என்றதும் ஆச்சரியம் இன்னும் கூடிவிட்டது.

பிரித்தேன். ரப்பர் வளையங்கள் ஊறிய வடை மாதிரி உப்பியிருந்தன. எல்லாவற்றையும் கழற்றிப் புதிது போட்டு, பைப் முழுக்கக் கழுவி, கடையில் புதிதாக வாங்கிய டப்பாவை உடைத்து ஊற்றினேன். பழைய ரப்பரைக் காகிதத்தில் சுற்றிக் குப்பையில் போட்டேன். ரவூப் பாய் பெயின்ட் கலக்கியபடி பார்த்துக்கொண்டிருந்தார்.

சிவப்பு நூல் புட்டியை அலமாரியிலிருந்து எடுத்து என் பெட்டிக்குள் வைத்தேன். பச்சை நூல் புட்டியையும். மூடி கசிகிறது, அதனால்தான்.

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. எண்ணெய் தேய்த்துக் குளிக்கவில்லை.

நவம்பர் 6, புதன்

பொன்னுரங்கத்தின் மனைவி தெய்வானை பட்டறைக்கு வந்தாள். ஏற்காட்டிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறாள். கவனக்குறைவாக ஓட்டி மரணம் விளைவித்ததாக வழக்குப் பதிந்துவிட்டார்கள். லைசென்ஸைப் பிடித்துவைத்துக்கொண்டார்கள். பெலிக்ஸ் சாரின் தம்பி, மாதக் கடைசிக்குள் தோட்டத்து வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டாராம். அண்ணனைக் கொன்றவன் குடும்பத்துக்கு இங்கே இடமில்லை என்றாராம். இரண்டு பெண் குழந்தைகள், பெரியது பத்தாவது படிக்கிறது.

"பிரேக்கு புடிக்கலன்னு அவரு சொல்றத ஒருத்தரும் நம்பலைங்க. வண்டியப் பிரிச்சுப் பூட்டுனவரு நீங்க. நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதுங்க."

ஆய்வாளர் ரிப்போர்ட் எழுதிவிட்டார், இனி நான் சொல்லி என்ன ஆகப்போகிறது என்றேன். ஆஸ்பத்திரியில் அவரை ஒருதடவை வந்தாவது பாருங்கள், உங்களைத்தான் கேட்டுக்கொண்டே இருக்கிறார் என்றாள். வருகிறேன் என்றேன். போகவில்லை.

எனக்கு அவள் மீது கோபம் வந்தது. ஏன் என்று தெரியவில்லை. ஒரு பட்டறை என்றால் அதை நம்பி ஐந்து குடும்பம் இருக்கிறது. முப்பத்தொரு வருஷப் பெயர் இருக்கிறது. ஒரு வார்த்தை என்று அவள் சுலபமாகச் சொல்லிவிட்டாள்.

நவம்பர் 14, வியாழன்

மதியம் சாப்பிட்டு முடித்ததும் ரவூப் பாய் கை கழுவிக்கொண்டு என் எதிரில் வந்து உட்கார்ந்தார். உட்கார்ந்து பேசுகிற ஆள் இல்லை அவர்.

"மேஸ்திரி, என் பெயின்ட்டு அன்னைக்கு ஏன் உரிஞ்சுது?"

சரியாகத் தேய்க்கவில்லை என்று அன்றைக்கே சொன்னேனே என்றேன்.

"நாப்பது வருஷமா பெயின்ட்டு அடிக்கிறேன். பெயின்ட்டை அப்படி உரிக்கிறது பிரேக் ஆயில் ஒண்ணுதான். ஷாக் அப்சார்பர் பக்கத்துல பிரேக் ஆயில் எப்படி வந்துச்சு?"

அவர் கோபப்படவில்லை. அன்றே தனக்குச் சந்தேகம் வந்தது என்றார். எல்லோர் முன்னாலும் திட்டு வாங்கிய ரோஷத்தில் வாயை மூடிக்கொண்டாராம். அன்றைக்கே கேட்டிருந்தால் பெலிக்ஸ் சார் இருந்திருப்பார், இந்தப் பாவத்தில் எனக்கும் பங்கு உண்டு என்றார். பிறகு எழுந்து ஸ்ப்ரே கன்னைத் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டார். "நீங்க சொல்லுங்க. நான் சொன்னா காட்டிக் கொடுத்ததா ஆகும். நீங்களா சொல்ற வரைக்கும் இங்க வரமாட்டேன்."

போய்விட்டார். பதினெட்டு வருஷத்தில் அவர் கதவோரம் மாட்டிவைத்திருந்த வேலைச் சட்டையை எடுத்துப்போனது இன்றுதான் முதல் தடவை.

நவம்பர் 15, வெள்ளி

பட்டறைக்கு லீவு விட்டேன். கதவைச் சாத்திக்கொண்டு பெட்டியைத் திறந்து, தம்ளரில் தண்ணீர் எடுத்துக்கொண்டேன். சிவப்பு நூல் புட்டியிலிருந்து ஒரு சொட்டு விட்டேன்.

மிதந்தது.

பச்சை நூல் புட்டியிலிருந்து ஒரு சொட்டு. கரைந்துவிட்டது.

தெரிந்த விஷயத்தைப் பரீட்சை செய்து பார்ப்பது எதற்கு? ஸ்டேஷனில் விரலை வெளியே எடுத்தபோதே தெரியும். அதற்கு முன்னால் பொன்னுரங்கம் போனில் சூடு என்று சொன்னபோதும் மனசுக்குள் ஏதோ ஒன்று நெருடத்தான் செய்தது. எழுதவில்லை, அவ்வளவுதான். ஆயுத பூஜை அன்றைக்கு எனக்குச் சாம்பிராணி வாசனையே தெரியவில்லை. ஐந்து பேர் முன்னால் அதைச் சொல்ல வெட்கப்பட்டு, மூக்குத் தெரிகிற மாதிரி நடித்தேன். ஒரு தம்ளர் தண்ணீர் கையருகே இருந்தது. பாய் நீட்டிக்கொண்டே நின்றார்.

நவம்பர் 25, திங்கள்

ஸ்டேஷன் வாசல் வரை போனேன். ஆய்வாளர் லீவு என்றார்கள். சந்தோஷமாகத் திரும்பி வந்தேன்.

டிசம்பர் 4, புதன்

பொன்னுரங்கம் வந்தான். ஆட்டோவிலிருந்து இறங்கி, ஊன்றுகோலை வைத்துப் பட்டறை வாசலைத் தாண்டுவதற்கே ஐந்து நிமிஷம் ஆயிற்று. பாதி உடம்பாகிவிட்டான். கொண்டலாம்பட்டியில் மச்சான் வீட்டில் எல்லோரும் ஒரே அறையில் இருக்கிறார்களாம். பெரிய பெண் பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டு ஜவுளிக் கடைக்குப் போகிறாளாம். நாற்காலியைப் போட்டு உட்காரவைத்து டீ சொன்னேன். சண்டை போட வந்திருக்கிறான் என்று நினைத்தேன். சண்டை போட்டால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன்.

அவன் மன்னிப்புக் கேட்க வந்திருந்தான்.

திங்கட்கிழமை கோர்ட்டில் குற்றத்தை ஒப்புக்கொள்ளப் போகிறானாம். ஒப்புக்கொண்டால் தண்டனை குறையும் என்று வக்கீல் சொல்லியிருக்கிறார். அதற்கு முன்னால் என்னைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தானாம். ஆஸ்பத்திரியில் இருக்கும்போது உங்கள் வேலையைப் பற்றி நாலு பேரிடம் தப்பாகப் பேசிவிட்டேன், மனசில் வைத்துக்கொள்ளாதீர்கள் என்றான்.

"நானும் படுத்துக்கிட்டே யோசிச்சு யோசிச்சுப் பாத்தேனுங்ணா. கியர்ல வந்த மாதிரிதான் ஞாபகம். ஆனா நியூட்ரல்ல விட்டிருப்பேன்னு நீங்களே சொன்னீங்கன்னு ரிப்போர்ட்டுல இருக்குதாம். வண்டியப் பத்தி நீங்க சொன்னா தப்பா இருக்காது. அப்ப நான்தான் விட்டிருக்கோணும். எப்படி விட்டேன்னு மட்டும் தெரியல."

சொல்லிவிட்டு அழுதான். சார் கடைசியில் பிரேக்கைப் பிடி ரங்கம் என்று கத்திக்கொண்டே வந்தாராம். தினமும் அது காதில் கேட்கிறதாம்.

பெட்டியைத் திறந்து இரண்டு புட்டியையும் எடுத்தேன். தம்ளரில் தண்ணீர் பிடித்து அவன் முன்னால் ஸ்டூலில் வைத்தேன். பச்சை நூல் புட்டியிலிருந்து ஒரு சொட்டு விட்டு, பிரேக் ஆயில் இப்படிக் கரையும் என்று சொன்னேன். தண்ணீரை மாற்றினேன். உன் வண்டியில் நான் ஊற்றியது இது என்று சொல்லிச் சிவப்பு நூல் புட்டியிலிருந்து ஒரு சொட்டு விட்டேன். எண்ணெய் வட்டமாகப் பரவி மிதந்தது. அவன் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தான்.

"இன்னொரு சொட்டு விடுங்க" என்றான்.

விட்டேன். மிதந்தது.

"இன்னொண்ணு."

மூன்றாவது சொட்டும் மிதந்தது. பிறகு நிமிர்ந்தான். முகத்தில் என்ன இருந்தது என்று எழுத எனக்குத் தெரியவில்லை.

"அப்ப நான் கியர்லதான் இருந்தேன்."

"ஆமாம்."

"சாருக்கு அது தெரியாமலே போச்சே" என்றான். டீ வந்து ஆடை கட்டிப்போயிற்று. கிளம்ப எழுந்தபோதுதான் கேட்டான், ஸ்டேஷனில் வண்டியைப் பார்த்த அன்றைக்கே உங்களுக்குத் தெரியுமா என்று. தெரியும் என்றேன். தலையை ஆட்டினான். தாங்கிப் பிடிக்கப் போன என் கையை ஊன்றுகோலால் மெதுவாக விலக்கிவிட்டுத் தானே படி இறங்கிப் போனான். எப்போதும் போய்ட்டு வர்றேனுங்ணா என்று சொல்லிவிட்டுத்தான் போவான். இன்று சொல்லவில்லை.

டிசம்பர் 5, வியாழன்

கமலவேணியிடம் காலையில் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் முதலில் கேட்டது, அந்த நூலை நான்தானே கொண்டுவந்து கொடுத்தேன் என்று. இல்லை, கட்டியது நான் என்றேன். ரவூப் பாய் வந்து வாசலில் நிற்கிறார். நான் தகவல் சொல்லி அனுப்பவில்லை, பொன்னுரங்கம் அவர் வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். உள்ளே வரவில்லை. ஸ்டேஷன் வரை கூட வருவாராம்.

இரண்டு புட்டிகளையும் பையில் வைத்தாயிற்று. இந்த டைரியையும் கொடுக்கப்போகிறேன். அக்டோபர் 7ஆம் தேதிப் பக்கத்தில் பொன்னுரங்கம் கியரைப் பற்றிச் சொன்னது என் கையெழுத்தில் இருக்கிறது. அக்டோபர் 22 இருக்கிறது. 28 இருக்கிறது. எதையும் அடிக்கவில்லை, கிழிக்கவில்லை. அக்டோபர் 14ஆம் தேதி எழுதியதில் மட்டும் தவறு இருக்கிறது. அதைத் திருத்தி இங்கே எழுதுகிறேன்.

மோரிஸ் மைனர், 1955.
எஞ்சின்: கெட்டி எண்ணெய், மூன்றரை லிட்டர்.
கியர்பாக்ஸ்: பித்தளைக்கு ஒத்துப்போகிற பழைய வகை.
முன் அச்சு: எண்ணெய் அடித்தது.
ஷாக் அப்சார்பர் நாலும்: பிரேக் ஆயில்.
பிரேக்: ஷாக் அப்சார்பர் ஆயில்.
ஊற்றியது: ஏகாம்பரம்.